காட்டுக்குப் போன கோயிந்து

1

போன வாரம் என் சின்ன மகள் வள்ளியைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகப் பிறப்புப் பத்திரம் வாங்கப் போனேன். எங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஏழு மைல் தள்ளி, டவுனில் இருக்கிறது பதிவு ஆபீஸ். அங்கே இருந்த கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக வள்ளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வள்ளிக்குச் சீன முகம், வெளுத்த நிறம், ஊசி ஊசியாக நேர்முடி. நான் ராயபுரத்துத் துறைமுகக் கரியில் வளர்ந்தவள். என் நிறத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

"பிள்ளை எங்கை பிறந்தது?"

"காட்டுலங்க."

"எந்தக் காடு?"

"அதுக்குப் பேரு கெடையாதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வள்ளிக்குப் பொறுமை கிடையாது. "இன்னாம்மா இந்தாளு, எளுதச் சொன்னா பராக்குப் பாத்துகினு கீறாரு. வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

கிளார்க் திகைத்துப் போனார். "இது என்ன பாஷை?" என்று கேட்டார். "தமிழ்தாங்க, எங்க ஊர்த் தமிழ்" என்றேன்.

பிறகு மூன்று நாள் அலைந்தேன். தோட்டத்துத் துரையின் கடிதம், மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியக் கடுதாசி, இரண்டு போட்டோ. "காடு" என்று எழுத விதியில் இடமில்லையாம். தோட்டத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். வள்ளி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஊரிலிருந்து எனக்கு எழுதுகிற உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அங்கே காட்டுக்குள்ளே துப்பாக்கியோடு ஒரு கூட்டம் இருக்கிறதாமே, அதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதுவதில்லையே என்று. உங்களில் சிலர் அவர்களை வீரர்கள் என்கிறீர்கள், சிலர் கொள்ளைக்காரர்கள் என்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான். அவன் நம் ஊர்க்காரன். அவனைப் பற்றி எழுதுகிறேன்.

2

நான் பிரசவம் பார்க்கிறவள். ராயபுரத்தில் படித்தேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய அந்தச் சித்திரையில் எங்கள் தெருவில் நாயும் நானும்தான் மிச்சம். காசிமேட்டு மீன்காரர்கள் மட்டும் போகவில்லை. கடலை எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள்? அவர்களில் ஒருத்திக்கு வலி கண்டிருந்தது. என்னோடு படித்தவர்கள் எல்லாம் ரயிலேறிவிட்டார்கள். நான் தனியாகப் பார்த்த முதல் பிரசவம் அதுதான். கூரைக் குடிசை, வெளியே காய்கிற வலை, துறைமுகத்தில் சங்கு இல்லாத அமைதி. குழந்தை அழுதபோது அந்தக் கரை முழுக்கக் கேட்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் கண்ணையன் திருவொற்றியூர்க்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டினார். சண்டை முடிகிற சமயத்தில் அவரை மலாயாவுக்கு அனுப்பினார்கள். பட்டாளம் கலைந்தபோது அங்கேயே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்துவிட்டார். அடுத்த வருஷம் நானும் பெரிய மகள் மதியும் கப்பலேறினோம். தோட்டத்தில் என்னையும் மருத்துவச்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கோவிந்தசாமி என் வீட்டுக்காரரின் தோஸ்து. தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கம் வீடு, அம்மா கருவாடு விற்கிறவள், வீட்டுக்கு ஒரே பிள்ளை. இருவரும் ஒரே பட்டாளத்து லாரியில் இருந்தவர்கள். இங்கேயும் ஒரே தோட்டம். நாங்கள் அவனைக் கோயிந்து என்போம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

"அண்ணி, இந்த ஊரு நண்டுல இன்னா கீது? சொம்மா ஓடு" என்பான். "எண்ணூர் முகத்துவாரத்துல புடிச்ச நண்டு, எங்க ஆத்தா கையால வெச்சா, பக்கத்து வூட்டுக்காரன் சட்டியத் தூக்கினு வந்துருவான்."

அப்புறம் இரண்டு பேரும் ஆரம்பித்துவிடுவார்கள். டோல்கேட்டில் நிற்காமல் போகிற பஸ், மாசி உற்சவத்துக் கூட்டத்தில் தொலைந்த செருப்பு, ராயபுரம் டிராமில் டிக்கெட் எடுக்காமல் தொங்கிய கதை. எனக்கும் கை வேலை ஓடாது. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். (டிராமை நிறுத்திவிட்டார்கள் என்று தம்பி எழுதினான். நம்பவே முடியவில்லை.)

கோயிந்து சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகிறவன் அல்ல. தோட்டத்தில் சங்கம் வைத்தவன் அவன்தான். ரப்பர்ப் பால் வெட்டுகிற பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் ஒரு மாதம் லீவு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அதற்காக நான் அவனை மனதாரக் கும்பிட்டிருக்கிறேன். பிறகு சர்க்கார் அவசரச் சட்டம் போட்டது. சங்கத்து ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒரு திங்கட்கிழமை கோயிந்து வேலைக்கு வரவில்லை. காட்டுக்குள் போய்விட்டான் என்றார்கள்.

"அவன் நல்லவன், ருக்கு. ரெண்டு மாசத்துல திரும்பி வந்துடுவான்" என்றார் கண்ணையன்.

3

இரண்டு மாதத்தில் வந்தது அவன் அல்ல, பயம்தான். ரப்பர் மரங்களில் கத்தியால் கொத்தினார்கள். பஸ்ஸைக் கொளுத்தினார்கள். அரிசி கொடு, மருந்து கொடு என்று ஆள் அனுப்பினார்கள். கொடுத்தவனைப் போலீஸ் பிடித்தது. கொடுக்காதவனைக் காட்டுக்காரர்கள் பிடித்தார்கள். சர்க்கார் எல்லோருக்கும் போட்டோ ஒட்டிய அடையாளக் கார்டு கொடுத்திருந்தது. அந்தக் கார்டுகளைப் பிடுங்கிக் கொளுத்துவது அவர்கள் வேலையானது. கார்டு இல்லாதவனைப் போலீஸ் காட்டுக்காரன் என்று நினைக்கும். அப்புறம் அவன் காட்டைத் தவிர எங்கே போவான்?

எங்கள் தோட்டத்தில் மாரியப்பன் என்ற தண்டல் இருந்தார். தண்டல் என்றால் வேலைக்காரர்களை எண்ணி ஏவுகிற மேஸ்திரி. சேலத்துப் பக்கத்து ஆள், அதிர்ந்து பேசமாட்டார். கார்டு பிடுங்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எல்லோருடைய கார்டையும் வாங்கி ஆபீஸ் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு நாள் காலை, பால் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, ஏழெட்டுப் பேர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் உடைந்த மலாய் பாஷையில் பேசினான். சாவி எங்கே என்று கேட்டான். மாரியப்பன் சொல்லவில்லை. ரப்பர் மரத்தில் கட்டிவைத்து, அத்தனை பேர் பார்க்கச் சுட்டார்கள். அவர் மனைவி செல்லம்மா அப்போது ஏழு மாதம்.

அந்த மாரியப்பன் வீட்டிலும் கோயிந்து சாப்பிட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு நாங்கள் குடியிருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, சுற்றி முள்கம்பி வந்தது. அரிசியைத் தனியாகக் கொடுக்கமாட்டார்கள், பொதுச் சமையலில் வடித்த சோறுதான். சோறு என்றால் ஊசிப்போகும், காட்டுக்கு அனுப்ப முடியாது என்ற ஏற்பாடு. கேட்டில் பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். என் பிரசவப் பையைத் தினமும் இரண்டு தடவை கொட்டிக் காட்டுவேன்.

இரண்டு மாதம் கழித்து செல்லம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான்தான் பார்த்தேன். வலியில் அவள் ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

4

அது நடந்து பத்து நாள் இருக்கும். அடுத்த டிவிஷனில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, காலை பத்து மணிக்கு ரப்பர் வரிசை நடுவே நடந்து வந்துகொண்டிருந்தேன். "அண்ணி" என்று குரல் கேட்டது. நின்றேன். கோயிந்து பாதியாக இளைத்திருந்தான். காலெல்லாம் அட்டை கடித்த புண். பின்னால் இரண்டு சீனர்கள், மூவரிடமும் துப்பாக்கி.

"ஒரு பொண்ணுக்கு வலி கண்டு ரெண்டு நாளாச்சு, அண்ணி. கால் மொதல்ல வருது போல கீது. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன்."

"வந்தா எனக்கு ஜெயிலு. கண்ணையனுக்கு வேல போவும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"வரலன்னா?"

அவன் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், அண்ணி. இவுங்களுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

பயந்துதான் போனேன். ஆனால் பயம் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது பொய். கால் முதலில் வருகிற குழந்தை என்று கேட்ட பிறகு என் கால் நிற்கவில்லை.

ஒரு மணி நேர நடை. ஓலைப் பந்தலில் படுத்திருந்தவளுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. அவள் கையைப் பிடித்து "முக்கு தாயி, முக்கு" என்றேன். அதற்கு எந்தப் பாஷையும் வேண்டியதில்லை. மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நீலம் பாய்ந்திருந்தது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். அழுதது. உடனே பந்தலைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த அழுகையைக் கேட்டு அவர்கள் பயந்த அளவுக்குத் துப்பாக்கியைப் பார்த்து நான் பயந்திருக்கமாட்டேன்.

தாய்க்கு ரத்தம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கோயிந்து அருகில் வந்து குந்தினான்.

"ஊர்லேருந்து கடுதாசி வந்துச்சா, அண்ணி? ஒத்தியூர்ல இந்த வருசம் தேரு இழுத்தாங்களா?"

"இழுத்தாங்களாம்."

"எங்க ஆத்தாவ யாராச்சும் பாத்தாங்களா?"

"எந்தம்பி பாத்தானாம். டோல்கேட்டாண்டதான் கட போட்டுகினு கீதாம். புள்ள சீமையில கங்காணியா கீறான்னு எல்லாருக்கும் சொல்லுதாம்."

அவன் சிரித்தான். பழைய ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு. கேட்காமலே எழுந்து வந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"மாரியப்பனச் சுடும்போது நீ அங்க இருந்தியா?"

காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தான்.

"இருந்தேன்."

"நீயா சுட்ட?"

"கவுத்தக் கட்டுனது நானு." பிறகு, "அவரு என்னை அடையாளம் கண்டுகினாரு, அண்ணி. பேரச் சொல்லிக் கூப்புடல" என்றான்.

"அவுரு சம்சாரம் கையால சோறு துன்னியேடா."

"உள்ள வந்துட்டா அப்புறம் நம்ம இஷ்டம் ஒண்ணும் இல்ல, அண்ணி. போன வாரம் வெளிய போவணும்னு சொன்னவன இங்கதான் பொதச்சோம்."

நான் எழுந்தேன். அப்போதுதான் அவன் மெல்ல விஷயத்துக்கு வந்தான். குழந்தை இங்கே இருக்க முடியாது. அழுதால் பட்டாளத்துக்குக் காட்டிக் கொடுத்துவிடும். தலைவர் சொல்லிவிட்டார். நீ எடுத்துக்கொண்டு போகாவிட்டால்... மீதியை அவன் சொல்லவில்லை. அந்தத் தாய் ஏற்கெனவே தன் சட்டைத் துணியைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றிவைத்திருந்தாள். என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

5

கேட்டில் காவல்காரனிடம், ரப்பர் வரிசையில் அழுகைச் சத்தம் கேட்டது, எடுத்து வந்தேன் என்று சொன்னேன். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. குழந்தைக்குப் பால் வேண்டும். டப்பாப் பால் வாங்கச் சீட்டு வேண்டும், சீட்டு வாங்க ஆபீஸ் திறக்க வேண்டும். லயத்தில் பால் கொடுக்கிற தாய் ஒருத்திதான் இருந்தாள்.

செல்லம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பிள்ளையை ஒரு பக்கமும் இதை ஒரு பக்கமும் அணைத்துக்கொண்டாள்.

போலீஸிடம் நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போதுதான் பெற்றவள் மூன்று நாளாவது படுத்திருக்கட்டும், அப்புறம் நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அந்தக் கூட்டம் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் உலர்த்துகிற புகைக்கூடத்துக்குத் தீ வைத்தது. அங்கே காவலுக்கு இருந்த கிழவருக்கு ஒரு கண் போயிற்று. அன்றே நான் சொல்லியிருந்தால் அந்தக் கண் இருந்திருக்குமோ என்னவோ. இன்றைக்கும் அவரை டவுனில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

நான்காம் நாள் முதலில் செல்லம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றையும் சொன்னேன். மடியில் வள்ளி பால் குடித்துக்கொண்டிருந்தாள். செல்லம்மா அவளைப் பிடுங்கிப் பாயில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். குழந்தை வீறிட்டது. நான் தூக்கி என்னென்னவோ செய்தும் அடங்கவில்லை. எத்தனை நேரமோ தெரியாது. செல்லம்மா திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"குடுங்க. அழுவுதில்ல" என்று கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகுதான் போலீஸுக்குப் போனேன். இடத்தையும் கோயிந்துவின் பெயரையும் சொன்னேன். பட்டாளம் போனபோது சாம்பல்தான் இருந்ததாம். மூன்று நாள் மறைத்ததற்காக என்னை நாற்பது நாள் அடைத்து வைத்தார்கள். எட்டுத் தடவை ஒரே கேள்வி, எட்டுத் தடவை ஒரே பதில். அந்த நாற்பது நாளும் தன் பிள்ளையோடு வள்ளியையும் செல்லம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது கண்ணையன் லாரியோடு நின்றிருந்தார். பாதி வழி வந்தோம். பிறகு, "அவன் பேரைச் சொன்னியாமே?" என்றார்.

"சொன்னேன்."

"சர்தான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

ஒரு வருஷம் கழித்து என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சிமென்ட் முற்றத்தில் மூன்று பேரைக் கிடத்தியிருந்தார்கள். நடுவில் கோயிந்து. வெயில் நேராக முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பெயர் கேட்டார்கள். "கோவிந்தசாமி" என்றேன். ஊர் கேட்டார்கள். "தண்டையார்பேட்டை" என்றேன். அதிகாரிக்கு எழுத வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெயரை நான் அவ்வளவு மெதுவாக அதற்கு முன் சொன்னதில்லை. வள்ளியைப் பெற்றவள் அந்த மூவரில் இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

6

என் பெரிய மகள் மதி கான்வென்டில் படிக்கிறாள். மலாய் பாஷையில் "மாத்தி" என்றால் சாவு என்று அர்த்தமாம். கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று பெயரையே மாற்றச் சொல்கிறாள். வீட்டில் நாங்கள் பேசுகிற தமிழ் அவளுக்குக் கூச்சம். "இன்னா, இன்னான்னு சொல்லாதீங்கம்மா" என்கிறாள். வள்ளிதான் என் பேச்சை அப்படியே வாங்கிக்கொண்டவள். சாயங்காலம் லாரி வருகிற சத்தம் கேட்டால் "நைனா வந்துகினு கீது" என்று ஓடுவாள். அப்போதெல்லாம் அடுப்படியில் நிற்கிற எனக்கு ஒரு நொடி ராயபுரம் வந்து போகும். இந்த நாட்டுக்கும் புதுக் கொடி வரப்போகிறது. காட்டில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எங்கள் முள்கம்பியில் இப்போது அவரைக் கொடி படர்ந்திருக்கிறது.

கோயிந்து செத்த செய்தியை அவன் அம்மாவுக்கு அப்போதே எழுதினேன். என் தம்பி போய்ப் படித்துக் காட்டினான். அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி எழுதச் சொன்னாள்: "எம் புள்ள யாரையாச்சும் கொன்னானா?"

அதற்குப் பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. வேறு என்னென்னவோ எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினேன். போன தீபாவளிக்குத்தான் உட்கார்ந்து, கயிற்றையும் செல்லம்மாவையும் எழுதினேன், காட்டில் அவன் கூப்பிட்டு நான் பார்த்த பிரசவத்தையும் எழுதினேன். இந்த மாதம் பதில் வந்தது. எனக்கல்ல. "செல்லம்மாவுக்குப் படிச்சுக் காட்டு" என்று மேலே போட்டிருந்தது.

நேற்று மத்தியானம் செல்லம்மா வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வள்ளியும் அவள் மகனும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். படித்தேன்.

"தாயீ, எம் புள்ள கவுறு கட்டுனான்னு ருக்கு எளுதிட்டா. நான் கருவாடு விக்கிறவ, எனக்கு இன்னா பேசறதுன்னு தெர்ல. புள்ள சீமையில கங்காணியா கீறான்னு சொல்லிகினு திரிஞ்சேன். இப்ப யாருகிட்டயும் சொல்றதில்ல. நீ எப்பனா இந்தப் பக்கம் வந்தா எங்க வூட்டுக்கு வா. ஒரு வாய் சோறு போடறேன். வர வாணாம்னு தோணிச்சின்னாலும் சர்தான்."

செல்லம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அந்தம்மாவுக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்ல. ஒத்தப் பிள்ளை."

மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள். தண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வர முடியாதுன்னு எழுதுங்க. கோவத்துல இல்ல, தூரம்னு எழுதுங்க."

அப்படியே எழுதி, இன்று காலைத் தபாலில் சேர்த்தேன்.